மிலுஷே இடம் சொல்ல மாட்டாள்

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக மிலுஷே தன் காரைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்துகிறாள். கையில் ஒரு மெழுகுவத்தி. பின்னால் இரண்டு பெண் குழந்தைகள், ரப்பர் பூட்ஸ், ஆளுக்கொரு பிரம்புக் கூடை. அந்த மெழுகுவத்தியை அவள் யாருக்கும் ஏற்றப் போவதில்லை. பார்க்கிறவன் கல்லறைக்கு வந்திருக்கிறாள் என்று நினைக்க வேண்டும், அவ்வளவுதான். போன வருஷமும் அதே மெழுகுவத்திதான், அதற்கு முந்தின வருஷமும் அதேதான், திரி கருகவே இல்லை. யாரோ ஒருவரின் கல்லுக்கு முன்னால் மூன்று பேரும் தலை குனிகிறார்கள். பிறகு பின்சுவர் இடிந்த இடத்தில் இறங்கி, காட்டுக்கு நேர் எதிர்த்திசையில் உழுத வயலில் நடந்து, ஓடையைத் தாண்டிய பிறகுதான் காட்டுப் பக்கம் திரும்புகிறார்கள். நாயை நடத்திக்கொண்டு அந்தப் பக்கம் போகிற நான் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

திரும்பி வருவது வேறு வழி. கூடை நிறைய பெரணித் தழை மூடியிருக்கும். வழியில் யார் பார்த்தாலும் இந்தக் காளான் பருவத்தில் எங்கள் ஊரில் வணக்கம் சொல்வதில்லை. ஒரே கேள்விதான்.

“முளைக்குதா?”

“எங்கண்ணே முளைக்குது! வெறும் புழு. காலு வலிச்சதுதான் மிச்சம்” என்பாள் மிலுஷே, கூடையின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே. சின்னவள் ஹேதா உடனே, “வெறும் புழு” என்பாள். பெரியவள் தோர்கா உதட்டைப் பிதுக்கிக் காட்டுவாள். மூன்று பேர் முகத்திலும் அப்படி ஒரு துக்கம். பார்த்தால் நமக்கே ஐயோ பாவம் என்றிருக்கும்.

மிலுஷே எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள். பேருந்து ஓட்டுகிறாள். எங்கள் ஊரிலிருந்து மலையடிவாரம் வரை போய்த் திரும்பும் ஒரே பேருந்து அது. புருஷன் எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டட வேலை, எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வருவான், தூங்குவான், போவான். அகலமான தோள், குட்டையான கழுத்து, எதற்கும் தயாராக இடுப்பில் இரண்டு கை. கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இல்லை, முகம் முழுக்க இருக்கிறது. சில்லறை இல்லாமல் ஏறுகிறவன்மேல் கோபம். மணி அடித்துவிட்டு இறங்காதவன்மேல் கோபம். மழை பெய்தால் வானத்தின்மேல் கோபம், பெய்யாவிட்டால் காளான் முளைக்காதே என்று அதைவிடக் கோபம். ஜன்னலோரம் உட்கார்ந்து வாழைப்பழத் தோலை வெளியே எறிந்த ஒரு கனவானை நடுக்காட்டில் இறக்கிவிட்டு, “போய் எடுத்துட்டு வாங்க, நிக்கிறேன்” என்று உண்மையாகவே நின்றிருக்கிறாள். அவர் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆனால் அவள் கோபத்தில் முதல் இடம் காளான் இடத்தைக் கேட்கிறவனுக்குத்தான்.

இதில் அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை, ஊரே இப்படித்தான். நான் இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்து மீசை நரைத்துவிட்டது. என் மாமனார் எனக்குப் பெண்ணைக் கொடுத்தார், வீட்டைக் கொடுத்தார், பழைய காரைக் கொடுத்தார். காளான் எடுக்கும் இடத்தை மட்டும் சொல்லாமலே கண்ணை மூடினார். ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் அவர் வாய் அசைந்தது என்று என் மச்சான் காதைக் கொண்டுபோய் வைத்தான். “நீயே தேடிக்கோ” என்றாராம். மனுஷனா அவர்! என் மனைவிக்கு ஒரு இடம் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இருந்தும் என்ன, இத்தனை வருஷமும் நான் திருட்டுச் சாமானைத் தின்கிறவன் மாதிரி கேள்வி கேட்காமல் தின்றுகொண்டிருக்கிறேன்.

மிலுஷே தன் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் சட்டம் எளிது. வீட்டில் பொய் சொன்னால் அடி. காட்டில் உண்மை சொன்னால் அடி. ஹேதாவுக்குப் பேச்சு வந்தபோது அம்மா, அப்பாவுக்கு அடுத்து ‘வெறும் புழு’தான் வந்தது என்று அவளே பெருமையாகச் சொல்வாள்.

பத்து மணிக்கு மாடியில் அவர்கள் சமையலறை திறந்துகொள்ளும். நான் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மேலே போய்விடுவேன். மேஜையில் பழைய செய்தித்தாள், அதன்மேல் குவியலாகக் காளான். பழுப்புக் குல்லாயும் பருத்த காலுமாக ஒரு ஜாதி, தட்டு அகலத்துக்குக் குடைக்காளான், மஞ்சளாகக் குட்டிக் குட்டியாய் இன்னொன்று. பிள்ளைகள் இருவரும் மண்ணைச் சுரண்ட வேண்டும், அவள் ஒவ்வொன்றையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பாள். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் குப்பைக் கூடை. “அழகா இருக்கும்மா” என்று ஹேதா சிணுங்கினால், “அழகா இருந்தா? ஆஸ்பத்திரியில உன் பக்கத்துக் கட்டில்ல படுக்க வச்சுக்கிறியா?” என்பாள். அடுப்பில் வெங்காயம் வதங்கும். சீமைச் சீரகம் போட்டு, நறுக்கிய காளானைக் கொட்டி, நீர் வற்றியதும் முட்டையை உடைத்து ஊற்றிக் கிண்டுவாள். குடைக்காளானை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பாள். மீதியை வில்லை வில்லையாக அரிந்து ஊசி நூலில் கோத்து அடுப்புக்கு மேலே கட்டுவார்கள், கிறிஸ்துமஸுக்கு வேண்டுமே. கீழ்ப்படி வரைக்கும் அந்த வாசனை இறங்கிவரும்.

எனக்கும் ஒரு தட்டு வரும். “தின்னுங்கண்ணே. ஆனா எங்க எடுத்ததுன்னு கேட்டீங்க, தட்டைப் புடுங்கிருவேன்.”

சாப்பிட்டு மேஜையைத் துடைத்ததும் இரண்டாவது குவியல் வரும். பழுப்பாகப் பளபளக்கும் காட்டுக் கஷ்கொட்டைகள், ஓக் மரக் கொட்டைகளும் அவற்றின் தொப்பிகளும், மரப்பட்டை, பாசி, சிவந்த இலைகள், சாலையோர மரத்துச் செம்பழக் கொத்துகள். பழங்களை ஊசியில் கோத்தால் மாலை. கஷ்கொட்டையில் துளையிட்டு நாலு தீக்குச்சி செருகினால் குதிரை. இதைச் செய்யும்போதும் அவள் திட்டிக்கொண்டேதான் இருப்பாள். “அது என்னடி குதிரை, ஒரு காலு நீளம், ஒரு காலு குட்டை? நொண்டிக்குதிரையை யாரு வாங்குவா?” தீக்குச்சியைப் பல்லால் கடித்துச் சரிசெய்து கொடுப்பாள். தோர்காவுக்கு எட்டு வயது. பேச்சு குறைவு, கை கெட்டி. பார்த்ததை அப்படியே செய்துவிடுவாள். என் நாயை ஒரு தடவை கஷ்கொட்டையில் செய்தாள், இடது காது மடிந்திருப்பதுகூடத் தப்பவில்லை.

இந்தக் கைதான் வினையாயிற்று.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரு செருப்புப் பெட்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இந்த இலையுதிர்காலத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த இடத்தை அதற்குள்ளே செய்யுங்கள், காட்டிலிருந்து எடுத்த சாமான்தான் இருக்க வேண்டும் என்றாராம். நல்ல யோசனை. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பெட்டிகளைப் பொறுக்கிப் பள்ளிக்கூட ஜன்னலில் வைத்தார்கள். ஜன்னல் இருப்பது ஊர்ச் சதுக்கத்தில், பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரில்.

அன்று நான் பல்வலிக்கு மருந்து வாங்க அந்தப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். ஓட்டியவள் மிலுஷே. நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் காத்துக்கொண்டு ஜன்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஓல்தாவும் ஒருவன். மிலுஷேயின் அக்காள் புருஷன், மரம் அறுக்கும் பட்டறைக்காரன், அவளுடைய இடத்தைக் கண்டுபிடிப்பதே பிறவிப் பயன் என்று திரிகிறவன். ஒரு வருஷம் கல்லறைத் தோட்டத்தில் ஒளிந்து உட்கார்ந்திருந்தான். மிலுஷே அவன் பக்கத்தில் மண்டிபோட்டு அரைமணி நேரம் ஜெபம் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கதவைத் திறந்ததும் பேச்சு காதில் விழுந்தது.

“இது யாருதுப்பா, தோர்காவுதா? மாடு நல்லா வந்திருக்கு” என்றான் ஓல்தா.

“ஆமா, பால் கறக்குற மாதிரி வச்சிருக்கா பாரு” என்றாள் தபால்காரி.

நானும் எட்டிப் பார்த்தேன். பெட்டி நிறைய பாசி. குச்சியில் கட்டிய ஏதோ ஒன்று மூன்று காலில் நின்றது, நாலாவது காலுக்குப் பதில் ஒரு ஓக்குக் கொட்டை. பக்கத்தில் வளையமாக வளைந்த ஒரு மரம். ஒரு தட்டைக் கல்லில் மூன்று குழி. நடுவில் மூன்று கஷ்கொட்டை மனிதர்கள். பெரியது இடுப்பில் கை வைத்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. எனக்கும் அது மாடாகத்தான் தெரிந்தது.

மிலுஷே பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கதவு திறந்திருக்க, இறங்கி ஓடினாள். ஜன்னல் கண்ணாடியை இரண்டு உள்ளங்கையாலும் அறைந்தாள்.

“யாரு இதை இங்க வச்சது? எடுங்க! இப்பவே எடுங்க! ஊரே பாக்குற மாதிரியா வைப்பீங்க? அறிவு வேணாம்?”

அடிப்பாவி, வாயை மூடேன் என்று எனக்குள் நான் கத்தினேன். பல்வலி மறந்தே போயிற்று. பேருந்திலிருந்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நிறுத்தத்தில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். உள்ளேயிருந்து டீச்சர் பதறிக்கொண்டு வந்தார். மிலுஷே கைகளை விரித்து, தன் அகலமான முதுகால் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். காட்டில் குட்டி போட்ட பன்றிகூட அப்படி நிற்காது. ஓல்தா அவள் தோளுக்கு மேலாக எக்கி, இன்னொரு முறை, மெதுவாகப் பார்த்தான்.

“ஓ... அது மாடு இல்ல” என்றான்.

எல்லார் தலையும் பெட்டிப் பக்கம் திரும்பியது.

“மானுக்குத் தீனி வைக்கிற கொட்டில்ல அது? ஒரு காலு போயி, பால் கேனை முட்டுக்குடுத்து வச்சிருக்குமே. கரிமேட்டுக்குப் பின்னாடி, பள்ளத்துல. அட, நம்ம தாத்தா வேட்டைக்குப் போன இடம்.” அவன் குரல் குழைந்தது. “கொழுந்தியாளே, அங்கயா போய்க்கிட்டிருக்கே?”

அன்று பேருந்து மலையடிவாரத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஒருத்தரும் புகார் கொடுக்கவில்லை. எல்லாரும் சனிக்கிழமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மாடியில் நடந்தது கீழே எங்களுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.

“என்ன காரியம்டி பண்ணியிருக்கே! எத்தனை தடவை சொல்லியிருக்கேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னு?”

“நான் யார்கிட்டயும் சொல்லல. வாயே தொறக்கல.”

“கையால சொல்லிட்டியே!”

“ரொம்பப் பிடிச்ச இடத்தைச் செய்யச் சொன்னாங்க. எனக்கு அதாம்மா பிடிக்கும். வேற இடத்தைச் செஞ்சா அது பொய்.”

“பொய்தான் சொல்லணும்!”

“காட்டுலதான பொய் சொல்லணும்? அது பள்ளிக்கூடம்.”

ஏதோ பாத்திரம் டங்கென்று மேஜையில் இறங்கியது. பிறகு மிலுஷே சொன்னாள்: “இனிமே நீ காட்டுக்கு வர வேணாம். ஹேதா வரட்டும். நீ வீட்லயே கெட. உன்னை நம்பி ஒரு எடத்தைக் காட்ட முடியாது.”

எனக்கு வந்ததே ஆத்திரம்! என் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டுப் படியேறினேன். அவள் கதவைத் திறந்ததும் கேட்டேன், “மிலுஷே, நீ செய்யறது உனக்கே நல்லா இருக்கா? அந்தப் பொட்டி காலையிலேருந்து அங்கதான் இருந்துச்சு. அத்தனை பேரும் அதை மாடுன்னு நெனச்சு மெச்சிக்கிட்டு நின்னாங்க. நீ கத்தாம இருந்திருந்தா அது மாடாவே இருந்திருக்கும். காட்டிக்குடுத்தது உன் வாயி. தண்டனை புள்ளைக்கா?”

அவள் முகம் ஓட்டுச் சிவப்பானது. “உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க வந்த ஊருல காளானைக் கடையில வாங்குவீங்க!” என்றாள். கதவு என் மூக்குக்கு ஒரு விரல் முன்னால் சாத்தப்பட்டது. அப்படியென்ன பெரிய இடம், தங்கமா விளைகிறது என்று மூடிய கதவைப் பார்த்துக் கத்திவிட்டுத்தான் இறங்கினேன். உள்ளே தோர்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சமாதானமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை ஊர்க் கார்கள் அத்தனையும் கரிமேட்டுச் சாலையில் நின்றன. என் மனைவியும் போனாள். “பாக்கத்தான் போனேன்” என்று கூடையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னாள். நான் அந்தக் காளானைத் தொடவில்லை. அவள் சொல்லித்தான் நடந்தது தெரியும். பால் கேன்மேல் உட்கார்ந்து யாரோ சான்ட்விச் தின்றார்களாம். ஓல்தா தோட்டத்து வாரியைக் கொண்டுவந்து, பாசியைப் பாய் சுருட்டுவதுபோல வாரிப் புரட்டினானாம். அப்படிச் செய்யக்கூடாது என்று எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். பாசிக்கு அடியில்தான் காளானின் உயிர் நூல் நூலாக ஓடுகிறது. அதைக் கிழித்தால் அடுத்த வருஷம் மண்ணைத்தான் கூடையில் அள்ள வேண்டும். அவனுக்கும் தெரியும். ஒரே நாளில் எல்லாம் வேண்டும் என்கிற பேராசை.

மிலுஷே மரத்துக்குப் பின்னாலிருந்து வந்திருக்கிறாள். “யோவ் மாமா! அந்த வாரியைக் கீழ போடு!” அவன் போடவில்லை. அவள் ஒரு காய்ந்த கிளையைத் தூக்கிக்கொண்டு துரத்தியிருக்கிறாள். ஓல்தா கொழுத்த ஆள், ஆனால் பயம் எவரையும் ஓடவைக்கும். பிடிக்கப் போகும் சமயத்தில் காட்டுப்பன்றி தோண்டிய குழியில் மிலுஷேயின் கால் இறங்கி, கணுக்கால் பிசகிவிட்டது. விழுந்த இடத்திலிருந்தே அவனை அவன் பாட்டன் முப்பாட்டன் வரை திட்டினாளாம். அவளைத் தூக்கிவந்து வீட்டில் சேர்த்தது ஓல்தாதான். வழியெல்லாம் அவன் முதுகிலேயே குத்திக்கொண்டு வந்தாள் என்று கேள்வி.

கால் கட்டோடு அவள் வீட்டில் கிடந்தாள். பேருந்தை வேறு யாரோ ஓட்டினார்கள். அந்த நாட்களில் அவள் கோபம் வீட்டுக்குள்ளேயே சுழன்றது. கஞ்சி ஆறிப்போச்சு, ஜன்னல் திறந்திருக்கு, மூடியிருக்கு. மாடியிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வரவில்லை. எனக்குத் தட்டும் வரவில்லை. நானும் மானஸ்தன், படியேறவில்லை.

ஒரு மாலை ஹேதா படியில் உட்கார்ந்து என் நாய்க்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பை நிறைய கஷ்கொட்டை. சதுக்கத்தில் பொறுக்கியதாம்.

“அக்கா எங்கடா கண்ணு? ரெண்டு பேரும் குதிரை செய்யலையா?”

“அக்கா செய்ய மாட்டாளாம் மாமா. இனிமே எதையும் செய்ய மாட்டாளாம். செஞ்சா அம்மா கத்தும்னு சொல்றா. டீச்சர் பொட்டியைத் திருப்பிக் குடுத்தாங்கல்ல, அதுல இருந்த எங்க மூணு பேரையும் பிரிச்சுப்போட்டா. குச்சி தனியா, கொட்டை தனியா.”

“அழுதாளா?”

“இல்ல. அம்மா பொம்மையை மட்டும் கடைசியா பிரிச்சா.”

எனக்குக் கோபம் வந்தது. மாடிக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன்: “உங்கம்மாவுக்குக் காளான்தான் புள்ளை, நீங்க ரெண்டு பேரும் வாடகைக்கு வந்தவங்க.” நிமிர்ந்து பார்த்தால் மேல்படியில் மிலுஷே. கட்டுப் போட்ட காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக இருந்தாளோ. சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத மிலுஷேயை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை இருட்டு பிரியும் முன்னால் என் கதவை ஊன்றுகோலால் இடித்தாள்.

“காரை எடுங்க. எனக்கு கிளட்ச் மிதிக்க முடியாது.”

“எங்க போகணும்?”

“கேட்டா வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

பின்னால் தோர்கா நின்றாள். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். கூடை கையில் இருந்தது, ஆனால் அதை எடுக்கச் சொன்னார்கள் என்பதை நம்பாதவள் மாதிரி பிடித்திருந்தாள். ஹேதா வரவில்லை. “அது ஊர் ரேடியோ. உங்க வீட்ல தூங்கட்டும்” என்றாள் மிலுஷே.

எங்கெங்கேயோ ஓட்டச் சொன்னாள். இடது, வலது, திரும்பி வா, மறுபடி இடது. ஒரே தேவாலயக் கோபுரத்தை மூன்று பக்கத்திலிருந்தும் பார்த்தேன். “ஏம்மா, இத்தனை பேர் இருக்கும்போது என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?” என்று கேட்டுவிட்டேன்.

“ஊர்லயே உங்களுக்குத்தான் திசை தெரியாது. போன வருஷம் தபால் ஆபீஸுக்கு வழி கேட்டீங்களே.”

இது உண்மை. அதனால்தான் எரிச்சல் அதிகமாக வந்தது.

மரங்களுக்கு நடுவே ஒரு மண்தடத்தில் நிறுத்தச் சொன்னாள். இறங்கியதும் பையிலிருந்து கம்பளிக் கழுத்துத்துணி இரண்டை எடுத்தாள். “இது எனக்கு மட்டும் தெரிஞ்ச இடம். இவங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. இதுங்க ரெண்டுக்கும் காட்டினதில்ல” என்றாள். முதலில் என் கண்ணைக் கட்டினாள். அப்புறம் தோர்காவின் கண்ணை.

“எனக்குக் கட்டு, அது நியாயம். பெத்த புள்ளைக்குமா கட்டுவே? நீயெல்லாம் ஒரு அம்மா!” என்று கத்தினேன்.

“எல்லாருக்கும்தான். பட்டாச்சு ஒரு தடவை.”

தோர்கா கட்ட வசதியாக மோவாயை உயர்த்திக்கொண்டிருப்பாள், அவள் அப்படிப்பட்ட பிள்ளை.

நடந்தோம். மிலுஷேயின் முழுப் பாரமும் என் தோளில். அவள் கண், நான் கால். நொண்டியும் குருடனும் கூட்டுச்சேர்ந்த கதையைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், அதில் இத்தனை வசவு இல்லை. “வேர். காலைத் தூக்குங்க. வலப்பக்கம். வலப்பக்கம்னா அந்தக் கை, ஐயோ கடவுளே.” தோர்கா என் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஈர இலையின் மணம் முகத்தில் அடித்தது. எங்கேயோ மேலே ஒரு பறவை மரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. நான் கல்லில் இடித்து நின்றேன், கோட்டுப் பிடி விட்டது, பின்னால் பிள்ளை விழும் சத்தம்.

“எழுந்திரு” என்றாள் மிலுஷே.

எழுந்தாள். கோட்டைத் தேடிப் பிடித்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போயிருப்போம், மறுபடி விழுந்தாள். இந்தத் தடவை ஏதோ முள். உஸ்ஸென்று மூச்சை இழுப்பது கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் தோர்காவே பேசினாள், அவசர அவசரமாக:

“அம்மா, கட்டு நழுவிருச்சு. ஆனா நான் பாக்கல. நிஜமா பாக்கல. கண்ணை மூடித்தான் வச்சிருக்கேன். நீ வந்து கட்டுற வரைக்கும் மூடியே வச்சிருக்கேன்.”

என் தோளிலிருந்த பாரம் இறங்கியது. ஊன்றுகோல் தரையில் விழுந்தது. முட்டி போடுகிற முனகல் கேட்டது. மூக்கு உறிஞ்சும் சத்தமும் கேட்டது. யாருடையது என்று நான் சொல்லப் போவதில்லை. பிறகு கம்பளித் துணியின் முடிச்சு அவிழ்ந்து, சரசரவென்று உருவி வரும் சத்தம்.

“கண்ணைத் தொற” என்றாள் மிலுஷே. “தொறடி. அந்தா, சாய்ஞ்ச மரம் தெரியுதா? அங்கேருந்து இடது பக்கம். நல்லாப் பாத்து வச்சுக்கோ.”

தோர்கா மூச்சை உள்ளே இழுத்தாள். வெளியே விடக் காணோம். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று எனக்குத் தலை வெடித்தது.

மிலுஷே என் தோளைப் பிடித்து எழுந்தாள். அவள் கை என் பின்னந்தலைக்கு வந்தது. ஒருவழியாக நமக்கும் காலம் வந்தது என்று கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தேன். முடிச்சைத் தேடிப் பிடித்து, இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, இறுக்கிக் கட்டினாள்.

“நடங்கண்ணே” என்றாள்.